அமெரிக்க கேபிள் சேனல்களின் நகைச்சுவை-நாடகத் தொடர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆங்கிலத்தில் பார்க்கும்படியாக ஒரு தொடர் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும், அமெரிக்க கேபிள் சேனல்களில் வந்த நகைச்சுவை-நாடகத் தொடர்களில் ஒன்றைத்தான் நான் சொல்வேன். சொன்னதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். பல ஆண்டுகளாக வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். தொடக்க எபிசோடுகளில் நடப்பவற்றைத் தாராளமாகச் சொல்லியிருக்கிறேன். முடிவுகளை எங்கும் உடைக்கவில்லை.

நகைச்சுவை-நாடகம் என்றால் என்ன? காமெடிக் காட்சிகள் உள்ள எல்லாக் கதையும் அதில் சேருமா?

சேராது. நம் படங்கள் பலவற்றில் நாயகன் கதை ஒரு பக்கம் ஓடும், காமெடி நடிகரின் கூட்டம் இன்னொரு பக்கம் ஓடும். காமெடியை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாக ஒளிபரப்பினாலும் இரண்டுக்கும் சேதமில்லை. நான் சொல்லும் தொடர்களில் அப்படி வெட்டவே முடியாது.

'சிக்ஸ் ஃபீட் அண்டர்' தொடரின் முதல் எபிசோடைப் பாருங்கள். 2001 ஜூன் 3 அன்று எச்பிஓ சேனலில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். ரூத் ஃபிஷர் என்ற அம்மா பண்டிகைச் சமையலில் இருக்கிறார். தொலைபேசி மணி அடிக்கிறது. கணவர் ஓட்டிவந்த புத்தம்புதிய சவ ஊர்தி மீது பஸ் மோதிவிட்டது, ஆள் போய்விட்டார். ரூத் அலறிக்கொண்டு கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் வீசி எறிகிறார். ஓடிவந்த மகனிடம் வண்டி நொறுங்கிப்போனதையும் அப்பா இறந்துவிட்டதையும் சொல்லிவிட்டு, அதே மூச்சில், வேகவைத்த இறைச்சி பாழாய்ப்போனதையும் சொல்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது; வந்த கையோடு தொண்டை அடைத்தது. எங்கள் பெரியப்பா இறந்த செய்தி வந்த காலையில் பெரியம்மா முதலில் சொன்னது, "இட்லி ஊற்றி வைத்திருக்கிறேனே, அடுப்பை யார் அணைப்பது" என்பதுதான். பெரிய துக்கம் வந்து தாக்கும்போது மனது கைக்கெட்டிய சின்னக் கவலையைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது. அதைக் கண்டு எழுதத் தெரிந்தவர்களின் தொடர்களே இந்த வகையில் நல்லவை. ஐந்து நிமிடம் சிரிக்க வைத்து அடுத்த ஐந்து நிமிடம் அழவைப்பது சுலபம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைப்பதுதான் கடினம்.

கேபிள் என்று ஏன் தனியாகப் பிரிக்கிறீர்கள்?

காரணம் பணத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆன்டெனா வைத்தால் இலவசமாகக் கிடைக்கும் பெரிய சேனல்கள் விளம்பரத்தை நம்பி நடப்பவை. விளம்பரதாரருக்கு யாரும் முகம் சுளிக்காத கதை வேண்டும், கோடிக்கணக்கில் பார்வையாளர்கள் வேண்டும். அரசின் தகவல் தொடர்பு ஆணையம் ஆபாசத்துக்கு வகுத்த விதிகளும் இந்த அலைவரிசைச் சேனல்களைத்தான் கட்டுப்படுத்தும்.

கேபிள் வேறு கணக்கில் ஓடுகிறது. 1972 நவம்பர் 8 அன்று பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரி ஊரில் வெறும் 365 சந்தாதாரர்களோடு எச்பிஓ தொடங்கியது. மாதச் சந்தாதான் வருமானம், விளம்பரம் கிடையாது. ஷோடைம் சேனலும் அப்படியே. சந்தா கட்டும் வீட்டுக்காரர் "இது வேறெங்கும் கிடைக்காது" என்று நினைத்தால் போதும், எல்லோருக்கும் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எஃப்எக்ஸ், யுஎஸ்ஏ நெட்வொர்க், டிஎன்டி, ஏஎம்சி ஆகியவை கேபிள் தொகுப்போடு வருபவை. விளம்பரம் உண்டு, ஆனாலும் குறைந்த பார்வையாளர்களோடு ஒரு தொடர் பிழைத்துக்கொள்ள முடியும்.

இன்னொன்று எபிசோடுகளின் எண்ணிக்கை. பெரிய சேனல்களில் ஒரு சீசனுக்கு 22 எபிசோடு வரை எழுதித் தள்ள வேண்டும். கேபிளில் 8 முதல் 13 வரை போதும், எழுதுகிறவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. ஒரே ஆள் உட்கார்ந்து மொத்தத் தொடரையும் தன் கைப்பட எழுதிவிடக்கூட முடிகிறது. தனி ஒருவரின் குரல் இந்தத் தொடர்களில் அவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கு அதுவே காரணம்.

ஆங்கிலத் தொடர் பார்த்துப் பழக்கமே இல்லை. எதில் தொடங்குவது?

'மங்க்'. தயங்காமல் இதில் தொடங்குங்கள்.

யுஎஸ்ஏ நெட்வொர்க்கில் 2002 முதல் 2009 வரை எட்டு சீசன், 125 எபிசோடு ஓடிய தொடர். ஏபிசி என்ற பெரிய சேனலுக்காக முதலில் திட்டமிடப்பட்டு, அங்கே கைகூடாமல் கேபிளுக்கு வந்தது. வெற்றி பெற்ற பிறகு அதே ஏபிசி அதை வாங்கி மறுஒளிபரப்புச் செய்தது.

ஏட்ரியன் மங்க் சான் பிரான்சிஸ்கோ காவல்துறையில் துப்பறிவாளராக இருந்தவர். மனைவி ட்ரூடி கார் குண்டுவெடிப்பில் இறந்ததும் நொறுங்கிப்போகிறார். ஏற்கெனவே இருந்த எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) முற்றி, வேலை போகிறது. கிருமி, உயரம், பால், கூட்டம் என்று பயம் இல்லாத பொருளே இல்லை. யாரிடமாவது கை குலுக்கினால் உடனே பின்னால் கை நீட்டுவார். உடன் வரும் செவிலி ஷரோனா ஈரத்தாள் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். தொடரின் முதல் காட்சியிலேயே, கொலை நடந்த வீட்டில் எல்லாரும் தடயம் தேடிக்கொண்டிருக்க, தன் வீட்டு அடுப்பை அணைத்தோமா என்று மறுகிக்கொண்டிருப்பார். ஆனால் மற்றவர்கள் கண்ணில் படாத தடயத்தைக் கண்டுபிடிப்பதும் அந்த மறுகல்தான். ஒழுங்கு சற்றுக் குலைந்தாலும் தாங்க முடியாதவருக்குத்தானே குலைந்த இடம் முதலில் தெரியும்!

எபிசோடுக்கு ஒரு வழக்கு, அன்றே முடிந்துவிடும். மொழி எளிது. துப்பறியும் கதை என்பதால் பண்பாட்டு இடைவெளி தடுக்காது. ஆனால் அடியில் ஒரு சோகம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ட்ரூடி கடைசியாக வாங்கி வைத்த கிறிஸ்துமஸ் பரிசை அவர் பிரிக்கவே மாட்டார். பிரித்துவிட்டால் அவளிடமிருந்து வர வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது.

இரண்டாவது சீசனில் அண்ணன் ஆம்ப்ரோஸ் வரும் எபிசோடைத் தவறவிடாதீர்கள். ஜான் டர்டுரோ நடித்து, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி பெற்ற பாத்திரம். ஆம்ப்ரோஸ் பல்லாண்டுகளாக வீட்டு வாசலைத் தாண்டாதவர். சிறுவர்களாக இருந்தபோது சீனச் சாப்பாடு வாங்கப் போன அப்பா திரும்பவே இல்லை. என்றாவது வந்தால் கேட்பாரே என்று அப்பாவுக்கு வந்த தபால்களை அடுக்கி வைத்துக் காத்திருக்கிறார். அதை நகைச்சுவைத் தொடர் ஒன்றில் பார்க்கிறோம் என்பதே மறந்துவிடும்.

மங்காக நடித்த டோனி ஷலூப் மூன்று முறை எம்மி வாங்கினார். 2009 டிசம்பரில் கடைசி எபிசோடை 94 லட்சம் பேர் பார்த்தார்கள். கேபிளுக்கு அது அன்று பெரிய எண்ணிக்கை.

'சிக்ஸ் ஃபீட் அண்டர்' சாவு வீட்டுக் கதை என்கிறார்கள். மனதைக் கெடுத்துக்கொண்டு எதற்குப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்கும் இதற்குப் பதில் சொல்லத்தான் அதிகம் பிடிக்கும்.

லாஸ் ஏஞ்சலஸில் ஃபிஷர் குடும்பம் இறுதிச் சடங்கு நிலையம் நடத்துகிறது. கீழ்த்தளத்தில் உடல்களைப் பதப்படுத்துகிறார்கள், நடுவில் அஞ்சலிக் கூடம், மேலே குடும்பம் குடியிருக்கிறது. காலை உணவு சாப்பிடும்போது கீழே ஒருவர் கிடத்தப்பட்டிருப்பார். ஏறக்குறைய எல்லா எபிசோடுமே ஒரு மரணத்தோடு தொடங்கும். திரை வெள்ளையாகி, இறந்தவர் பெயரும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் தோன்றும். சில மரணங்கள் கொடுமை, சில அபத்தம். அந்த உடலோடு வரும் உறவினர்களின் சண்டையும் கணக்கு வழக்கும் அழுகையும் ஃபிஷர் குடும்பத்தின் மேல் வந்து படியும்.

அப்பாவை அடக்கம் செய்யும் காட்சி ஒன்று போதும், இந்தத் தொடர் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள. குழிமேட்டில் எல்லாரும் நல்ல உடையில் நிற்கிறார்கள். கையில் அழுக்குப் படக் கூடாது என்று, உப்புத்தூள் குப்பி போன்ற ஒன்றில் மண்ணை நிரப்பிக் கொடுக்கிறார்கள். இளைய மகன் டேவிட், தொழிலுக்குரிய அடக்கத்தோடு அதைத் தூவுகிறான். ஊரைவிட்டு ஓடிப்போய் அப்போதுதான் திரும்பியிருக்கும் மூத்தவன் நேட்டால் தாங்க முடியவில்லை. குப்பியை மறுத்துவிட்டு, குனிந்து வெறும் கையால் மண்ணை அள்ளிப் பெட்டியின் மேல் போடுகிறான். அம்மாவும் வந்து அள்ளி வீசுகிறார். மூன்று பிடி மண் போட்டுப் பழகிய நமக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. துக்கத்தைச் சுத்தமாகப் பொட்டலம் கட்டி விற்கும் ஒரு தொழிலுக்கு உள்ளேயே இருந்துகொண்டு, அந்தச் சுத்தத்தை எதிர்க்கிற தொடர் இது.

உருவாக்கிய ஆலன் பால் பதின்மூன்று வயதில் கார் விபத்தில் அக்காவைப் பறிகொடுத்தவர். அந்தக் காரில் அவரும் இருந்தார். சாவை வேடிக்கை பார்க்க வந்தவரின் எழுத்தல்ல இது என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. முதல் எபிசோடின் நடுவே சவ ஊர்திக்கும் பதப்படுத்தும் திரவத்துக்கும் பளபளப்பான போலி விளம்பரங்கள் வரும். பிறகு அதை விட்டுவிட்டார்கள். அதுவே நல்லது.

ஐந்து சீசன், 63 எபிசோடு. 2005-ல் முடிந்தது. கடைசிச் சில நிமிடங்களைப் பற்றி யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். முழுவதும் பார்த்துவிட்டு அங்கே போய்ச் சேருங்கள். மனம் கெடாது. வீட்டில் இருப்பவர்களிடம் அன்றிரவு கொஞ்சம் அதிகமாகப் பேசுவீர்கள்.

அம்மாக்களைப் பற்றி நல்ல தொடர் உண்டா? நம் சீரியல் அம்மாக்களைப் பார்த்து அலுத்துவிட்டது.

உண்டு, அதுவும் ஒன்றல்ல. இந்த வகைத் தொடர்களில் மிக ஆழமாக எழுதப்பட்டவர்கள் அம்மாக்களே என்பது என் உறுதியான கருத்து. தியாகத் திருவுருவமாகவோ கொடுமைக்காரியாகவோ காட்டாமல், சலிப்பும் ஆசையும் பிடிவாதமும் உள்ள மனுஷியாகக் காட்டுகிறார்கள்.

முதலில் 'பெட்டர் திங்ஸ்'. எஃப்எக்ஸில் 2016 முதல் 2022 வரை, ஐந்து சீசன், 52 எபிசோடு. பமீலா ஆட்லன் எழுதி, நடித்து, இரண்டாம் சீசனிலிருந்து எல்லா எபிசோடையும் தானே இயக்கினார். சாம் ஃபாக்ஸ் மூன்று மகள்களைத் தனியாக வளர்க்கும் நடிகை. பெரிய நட்சத்திரம் இல்லை. குரல் கொடுக்கும் வேலை, சின்ன வேடம் என்று கிடைப்பதைச் செய்து வீட்டை ஓட்டுகிறாள். ஆட்லனும் நிஜத்தில் மூன்று மகள்களின் தாய், குரல் நடிப்புக்காக எம்மி வாங்கியவர். பெரிய கதை எதுவும் இல்லை. சமைக்கிறாள், குழந்தைகளை வண்டியில் கொண்டுபோய் விடுகிறாள், பக்கத்தில் குடியிருக்கும் தன் வயதான அம்மாவோடு மல்லுக்கட்டுகிறாள்.

இரண்டாம் சீசனில் ஒரு நாள், தான் செய்யும் வேலையை மகள்கள் துளியும் மதிக்கவில்லை என்று சாம் வெடிக்கிறாள். நான் செத்த பிறகு என்னைப் பற்றி நல்லதாகப் பேசுவீர்களே, அதை இப்போதே, நான் கேட்கும்படி சொல்லுங்கள் என்கிறாள். பிள்ளைகள் கூடத்தில் ஒரு இறுதி அஞ்சலியே நடத்திவிடுகிறார்கள். அம்மா பிணம்போல் படுத்திருக்க, மகள்கள் பேசுகிறார்கள். தொடங்கும்போது விளையாட்டு, முடியும்போது விளையாட்டில்லை. நம் வீட்டில் எத்தனை பேர் இதைக் கேட்காமலே போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது 'பாஸ்கெட்ஸ்', அதுவும் எஃப்எக்ஸ், 2016 முதல் 2019 வரை. மகன் சிப் பாரிஸுக்குப் போய்க் கோமாளிக் கலை படிக்கப் பார்க்கிறான். பிரெஞ்சு புரியாமல் தோற்று, கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குத் திரும்பி, மாடு பிடிக்கும் ரோடியோ மைதானத்தில் கோமாளியாகிறான். நாயகன் அவன்தான். ஆனால் நெஞ்சில் நிற்பவர் அவன் அம்மா கிறிஸ்டீன். லூயி ஆண்டர்சன் என்ற ஆண் நகைச்சுவையாளர் நடித்த பாத்திரம் அது. பெண் வேடமிட்ட ஆணைப் பார்த்தால் கேலி வரும் என்று எதிர்பார்ப்போம். ஆண்டர்சன் ஒரு இடத்தில்கூட அதைச் செய்யவில்லை. தன் சொந்த அம்மாவின் பேச்சையும் பார்வையையும் அப்படியே கொண்டுவந்து வைத்தார். மொத்த விலைக் கடையில் தள்ளுவண்டியோடு நடக்கும்போது கிறிஸ்டீன் முகத்தில் தெரியும் நிறைவுக்காகவே இந்தத் தொடரைப் பார்க்கலாம். 2016-ல் எம்மி கிடைத்தது. 2022 ஜனவரியில் ஆண்டர்சன் காலமானார்.

மூன்றாவது, 'என்லைட்டண்டு'. எச்பிஓ, 2011 முதல் 2013 வரை. வேலையிடத்தில் வெடித்துச் சிதறும் ஏமி, கண் மை வழிய, மூடும் லிஃப்ட் கதவை இரண்டு கையாலும் பிளந்து ஒருவனைத் திட்டுகிறாள். பிறகு ஹவாயில் மனச் சிகிச்சை. ஒளி பெற்றவளாகத் திரும்பி வந்து, உலகத்தைத் திருத்தியே தீருவேன் என்கிறாள். நிறுவனமோ அவளை அடித்தளத்தில் தரவு பதியும் வேலைக்கு அனுப்புகிறது. அவள் தங்குவது அம்மா ஹெலன் வீட்டில். ஏமியாக லாரா டெர்ன். ஹெலனாக லாராவின் நிஜ அம்மா டயான் லாட். முதல் சீசனில் ஒரு எபிசோடு முழுவதும் ஏமியை ஓரமாக வைத்துவிட்டு, ஹெலனின் ஒரே ஒரு நாளைக் காட்டுகிறது. காலையில் எழுவது, நாய், தோட்டம், கடையில் எதிர்ப்படும் பழைய தெரிந்தவர். அதுவரை "இந்த அம்மா ஏன் மகளிடம் இவ்வளவு வறட்சியாக இருக்கிறார்" என்று கோபப்பட்டிருப்போம். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு கோபப்பட முடியாது. எழுதிய மைக் வைட்டின் பெயர் பின்னாளில் 'தி வைட் லோட்டஸ்' தொடரால் உலகுக்குத் தெரிந்தது. எனக்கு அவருடைய ஆகச் சிறந்த எழுத்து இதுதான்.

விருதுப் பட்டியலில் ஒன்றை நகைச்சுவை என்கிறார்கள், பார்த்தால் அழுகை. எதை நம்புவது?

பட்டியலை நம்ப வேண்டாம். 2015-ல் எம்மி அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது: அரை மணி நேரம் என்றால் நகைச்சுவை, அதற்கு மேல் போனால் நாடகம். பின்னாளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். 'ஆரஞ்சு இஸ் த நியூ பிளாக்' கேபிள் தொடரல்ல, நெட்ஃபிளிக்ஸ்; ஆனாலும் எடுத்துக்காட்டுக்குப் பொருந்தும். அதில் நடித்த உஸோ அடூபா, ஒரே பாத்திரத்துக்காக 2014-ல் நகைச்சுவைப் பிரிவிலும் 2015-ல் நாடகப் பிரிவிலும் எம்மி வாங்கினார்.

'நர்ஸ் ஜாக்கி'க்காக 2010-ல் நகைச்சுவை நடிகை விருது வாங்கிய ஈடி ஃபால்கோ மேடையிலேயே, தனக்கு நகைச்சுவை வராது என்று வியந்தார். ஷோடைமில் 2009 முதல் 2015 வரை வந்த அந்தத் தொடரில் அவர் நியூயார்க் மருத்துவமனையின் அவசரப் பிரிவுச் செவிலி. முதல் எபிசோடிலேயே, விபத்தில் இறந்த இளைஞனின் உறுப்புதான அட்டையில் தானே கையெழுத்துப் போட்டு, நாலு பேரைப் பிழைக்க வைக்கிறாள். அதே ஜாக்கி வலி மாத்திரைக்கு அடிமை. வீட்டிலும் பொய், வேலையிலும் பொய். அவள் நல்லவளா என்று ஏழு சீசனும் உங்களையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். விருதுக்காரர்கள் எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்பதால் என்ன ஆகிவிடப் போகிறது?

'ஷேம்லெஸ்' பதினொரு சீசன். அவ்வளவும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். முதல் ஐந்து சீசன் கட்டாயம் பாருங்கள். அதற்கு மேல் உங்கள் விருப்பம்.

பிரிட்டனில் பால் ஆபட் உருவாக்கிய தொடரை ஷோடைம் 2011-ல் சிகாகோவின் தெற்குப் பகுதிக்குக் கொண்டுவந்தது. அப்பா ஃபிராங்க் குடித்துவிட்டுக் கூடத்துத் தரையில் கிடக்கிறார். அம்மா ஓடிவிட்டாள். ஆறு பிள்ளைகளில் மூத்தவள் ஃபியோனா மற்ற ஐவரையும் வளர்க்கிறாள். முதல் எபிசோடின் காலை உணவுக் காட்சியில் மின்கட்டணத்துக்காக ஒரு பெட்டி மேசையைச் சுற்றிவரும். பெரிய பையனும் போடுவான், சின்னவளும் போடுவாள். மாதக் கடைசியில் நாலு பேர் சட்டைப் பையைத் துழாவிக் கட்டணம் கட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெட்டி ஒன்றே போதும். வறுமையைக் காட்டிக் கண்ணீர் வாங்க முயலாமல், வறுமையில் வாழ எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்று காட்டியதால்தான் தொடக்க சீசன்கள் நின்றன. பின்னால் போகப்போகக் கதையை இழுத்தார்கள். ஃபியோனாவாக நடித்த எம்மி ரோசம் ஒன்பதாவது சீசனோடு விலகினார். அவர் இல்லாத வீட்டுக்குள் போக எனக்கு மனம் வரவில்லை.

ஷோடைமின் 'வீட்ஸ்' தொடரும் இதே கதைதான்: முதல் மூன்று சீசன் கூர்மை, பிறகு அலைச்சல்.

'அட்லாண்டா' பார்த்தேன், புரியவில்லை. என்ன செய்வது?

தொடர்கதையாகப் பார்க்காமல் சிறுகதைத் தொகுப்பாகப் பாருங்கள். படிப்பைப் பாதியில் விட்ட ஏர்ன், ராப் பாடகனாக மேலே வரும் தன் உறவுக்காரப் பையனுக்கு மேலாளராகிறான். கையில் காசு இல்லை, சொந்த இடம் இல்லை. முதல் சீசனின் இறுதியில், பொருள் போட்டுவைக்கும் வாடகைக் கிடங்கு ஒன்றின் கதவைத் திறந்து அதற்குள் படுத்துக்கொள்கிறான். அந்த ஒரு காட்சிதான் மொத்தத்துக்கும் அடித்தளம். அதன் மேல், தொடரை உருவாக்கிய டொனால்ட் குளோவர் நினைத்தபடியெல்லாம் கட்டினார். ஒரு எபிசோடு முழுக்கப் போலித் தொலைக்காட்சி நிகழ்ச்சி, நடுவில் போலி விளம்பரங்களோடு. 2018-ல் வந்த 'டெடி பெர்கின்ஸ்' ஒரு பேய் வீட்டுக் கதை. அச்சம் கலையக் கூடாது என்று எஃப்எக்ஸ் அதை இடையில் விளம்பரமே இல்லாமல் ஒளிபரப்பியது. புரியாத இடத்தில் நிற்காமல் அடுத்த எபிசோடுக்குப் போங்கள். நான்கு சீசனில் 41 எபிசோடு. எல்லாம் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்கலாமா?

'மங்க்' பார்க்கலாம். சான்டா பார்பராவில் நடக்கும் 'சைக்' தொடரும் பெரும்பாலும் பரவாயில்லை. அதே யுஎஸ்ஏ நெட்வொர்க், 2006 முதல் 2014 வரை. அதில் மறைத்து வைத்திருக்கும் அன்னாசிப் பழத்தைத் தேடுவதே பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிடும். மற்ற எல்லாம் பெரியவர்களுக்கானவை. எச்பிஓ, ஷோடைம் தொடர்களில் உடலுறவுக் காட்சியும் வசவுச் சொல்லும் தாராளம். கூடத்தில் மாமனார் மாமியாரோடு உட்கார்ந்து போட்டுவிடாதீர்கள்.

வேகமாகப் பேசுகிறார்கள். காதில் விழுவதில்லையே?

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுப் பாருங்கள். இந்தத் தொடர்களின் சுவை பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொள்ளும் பேச்சில் இருக்கிறது. வேறு மொழிக் குரல் மாற்றத்தில் அது காணாமல் போய்விடும். முதல் நான்கைந்து எபிசோடுதான் சிரமம். பிறகு அந்தக் குடும்பத்தின் பேச்சு காதுக்குப் பழகிவிடும்.

இந்தியாவிலிருந்து எங்கே பார்ப்பது?

எச்பிஓ சேனல் இந்தியாவில் 2020 டிசம்பர் 15-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதன் தொடர்கள் ஹாட்ஸ்டாரில் இருந்தன, 2023-ல் ஜியோசினிமாவுக்குப் போயின, 2025-ல் இரண்டு தளங்களும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயின. உரிமை இப்படிக் கைமாறிக்கொண்டே இருப்பதால், ஆண்டுச் சந்தா கட்டும் முன் நீங்கள் விரும்பும் தொடர் அந்தத் தளத்தில் இருக்கிறதா என்று பெயரைப் போட்டுத் தேடிவிடுங்கள்.

எனக்கு ஒரு வாரம்தான் விடுமுறை. அதற்குள் முடிகிற மாதிரி?

'என்லைட்டண்டு' மொத்தம் 18 எபிசோடு, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஒன்பது மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு நான் 'மென் ஆஃப் எ சர்டன் ஏஜ்' தொடரைச் சொல்வேன். டிஎன்டி, 2009 முதல் 2011 வரை, 22 எபிசோடு. கல்லூரிக் காலத்து நண்பர்கள் மூவர் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் பாதிக் கதை. ஒருவர் விவாகரத்தானவர், சூதாட்டத்தை விட முடியாதவர். இன்னொருவர் நடிகராக வேண்டும் என்று வந்து வயதாகிப்போனவர். மூன்றாமவர் ஓவன், அப்பாவின் கார் விற்பனை நிலையத்தில் அப்பாவுக்குக் கீழேயே வேலை பார்க்கிறார். ஆண்ட்ரே பிராவர் நடித்த ஓவனை எனக்கு மறக்கவே முடியாது. மனைவி பிள்ளைகள் முன்னால் குடும்பத் தலைவர், கடைக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் திட்டு வாங்கும் பையன். அப்பாவின் கடையில் உட்கார்ந்திருக்கும் எந்த மகனும் இதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பான். ஊடகங்களுக்கான பீபடி விருதும் கிடைத்தது. ஆனாலும் இரண்டாவது சீசனோடு நிறுத்திவிட்டார்கள். இன்னும் எனக்கு அந்த வருத்தம் தீரவில்லை.

இந்த மாதிரித் தொடர்களை இப்போதும் கேபிளில் எடுக்கிறார்களா, எல்லாம் ஓடிடிக்குப் போய்விட்டதா?

பெரும்பகுதி போய்விட்டது. கேபிள் இணைப்பை அமெரிக்கர்கள் துண்டித்துக்கொண்டே வருகிறார்கள். யுஎஸ்ஏ, டிஎன்டி போன்ற சேனல்கள் சொந்தக் கதைத் தொடர்களை வெகுவாகக் குறைத்துவிட்டன. எச்பிஓ மட்டும் விடவில்லை. கொலைகாரன் ஒருவன் நடிப்புப் பயிற்சி வகுப்பில் சேரும் 'பேரி' 2023-ல்தான் முடிந்தது. அதில் ஆசிரியராக வந்த ஹென்றி விங்க்ளருக்கு எழுபது வயதைத் தாண்டிய பிறகு எம்மி கிடைத்தது.

ஆனால் அண்மைக் காலத்துத் தொடர்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் 'சம்படி சம்வேர்' என்பேன். எச்பிஓ, 2022 முதல் 2024 டிசம்பர் வரை, மூன்று சீசன், சீசனுக்கு ஏழு எபிசோடு. கான்சஸ் மாநிலத்தில் மன்ஹாட்டன் என்ற சிற்றூர். சாகக் கிடந்த சகோதரியைப் பார்த்துக்கொள்ள வந்த சாம், சகோதரி போன பிறகும் அங்கேயே தங்கிவிடுகிறாள். தேர்வுத்தாள் திருத்தும் நிலையத்தில் வேலை. நாற்பது வயதைத் தாண்டியவள், வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடந்ததில்லை. பக்கத்து மேசையில் ஜோயல். பள்ளியில் பாட்டுக் குழுவில் நீ பாடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது என்கிறான் அவன். அவளுக்கு அவனை நினைவே இல்லை.

ஜோயலாக நடித்த ஜெஃப் ஹில்லர் பல்லாண்டுகள் சின்னச் சின்ன வேடங்களில் வந்துபோனவர். 2025-ல் எம்மி மேடையில் அவர் பெயரைச் சொன்னபோது வீட்டில் நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

முதல் எபிசோடில் ஜோயல் அவளை ஓர் இரவுக் கூட்டத்துக்கு அழைத்துப்போகிறான். வெளியே சொல்லும் பெயர் தேவாலயப் பாட்டுப் பயிற்சி. உண்மையில், ஊரில் வேறெங்கும் இடமில்லாதவர்கள், தங்கள் இயல்போடு இருக்க ஓரிடம் தேடுகிறவர்கள், வணிக வளாகத்துக்குள் இயங்கும் அந்தச் சின்னத் தேவாலயத்தில் வேளை கடந்து கூடுகிறார்கள். யாரையும் கேட்காமல் ஜோயல் அவள் பெயரை அறிவித்துவிட்டு விசைப்பலகையின் முன் உட்கார்ந்துவிடுகிறான். சாம் தயங்கித் தயங்கி மேடை ஏறுகிறாள். முதல் வரியில் குரல் எழும்பவில்லை. ஜோயல் இசையை நிறுத்தாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் பாடத் தொடங்குகிறாள்.